பின்சீட்டு மாலை

செஞ்சி,
6-3-1963

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். தாலுகா ஆபீசில் பத்து வருஷம் என் பக்கத்து மேஜையில் இருந்தவன் நீ. உறுதியாகத் தெரியாததில் கையெழுத்துப் போட எனக்குள்ள தயக்கம் உனக்குத் தெரியும்.

போன ஞாயிறு டில்லித் தலைவர் இவ்வழியே போனாரென்று ஊரே கொண்டாடுகிறது. வரவேற்புக் கமிட்டிச் செயலாளர் நான். பொழுது சாய்ந்தபின் கார் வந்தது. ஜன்னல் வழியே மாலையை நீட்டினேன். பின்சீட்டில் யாருமில்லை. சுற்றிலும் ஜனங்கள் கும்பிட்டு அழுதார்கள்.

சமணர்களான நாங்கள் இருட்டியபின் உண்பதில்லையே. காத்திருந்ததில் அன்று முழுப் பட்டினி. கண் மயங்கிற்றோ என்னவோ. அவர் வந்ததைக் கல்லில் வெட்ட என் கையெழுத்து வேண்டுமாம். நீ இப்போது சென்னையில், தலைவர்களின் சுற்றுப்பயணத்தைக் கவனிக்கும் பிரிவில் இருக்கிறாய். வந்தாரா, சொல்.

பார்சுவநாதன்

சென்னை,
11-3-1963

அண்ணாவுக்கு வணக்கம்.

உங்கள் கண்ணில் கோளாறில்லை. அன்று அவர் காய்ச்சலில் இங்கேயே படுத்திருந்தார். காலிக் கார்தான் திருவண்ணாமலைக்குப் போயிற்று. "செஞ்சில கைய உள்ள வுட்டு எதையோ தொட்டாங்க சார், நான் திரும்பியே பாக்கல" என்கிறார் டிரைவர்.

கையெழுத்துப் போடாதீர்கள். அவர் உடல்நிலை வெளியே தெரியக்கூடாது, இதைக் கிழித்துவிடுங்கள். நான் ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

தம்பி,
சம்பந்தம்

செஞ்சி,
18-3-1963

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

கையெழுத்துப் போட மறுத்தேன். யாரும் கோபப்படவில்லை. "கண்ணாடிய மாத்து சாரே. என் தோள்ல கை வச்சாரு, இன்னும் சூடு இருக்குது" என்றார் ஜவுளிக்கடை அரங்கநாதன்.

"ஏங்க, உங்க முழங்கால் வலிய விசாரிச்சாரே, மறந்துட்டீங்களா?" என்கிறாள் என் மனைவி அனந்தமதி. அன்று அவள் அனந்தபுரத்தில், தங்கை வீட்டில் இருந்தாள்.

போட்டோ வந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சீட்டில் யாருமில்லை. ஆனால் மாலை கீழே கிடக்கவில்லை. கழுத்தில் விழுந்ததுபோல் நிமிர்ந்து நிற்கிறது. உடனே எழுது.

பார்சுவநாதன்

செஞ்சி,
8-4-1963

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

உன் பதில் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன், கல்லும் நட்டாயிற்று. இப்போது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலை குனிந்துதான் மாலையை வாங்கிக்கொண்டார். "சாப்டியா?" என்று கேட்டார். அவருக்கேது தமிழ் என்பாய். எனக்குப் புரிந்தது.

காகிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது. உன் கடிதத்தை வரவேற்பு அறிக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். கமிட்டியில் படித்தார்கள். உன் மேலதிகாரி பெயரைக் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அவர் இங்கே வந்திருக்க, சென்னையில் படுத்திருந்தது யார்? நீ பார்த்தாயா? எதற்கும் கண்ணை டாக்டரிடம் காட்டிக்கொள், தம்பி.

பார்சுவநாதன்