உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதலில்

பிப்ரவரி 19, வியாழன்

சாயங்காலம் இங்கிலாந்திலிருந்து அக்கா போனில் கூப்பிட்டாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். குழந்தை மருத்துவத்தில் மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். இனி அங்கேயே படித்த டாக்டர்களுக்குத்தான் முதலில் இடமாம். மிச்சமிருந்தால்தான் இங்கே டாக்டருக்குப் படித்துவிட்டுப் போன இவளைப் போன்றவர்களுக்கு. கிடைக்காவிட்டால் விசாவும் நீளாது.

"இது நியாயமாப்பா?" என்று கேட்டாள்.

அப்பா சிரித்துவிட்டார். "நம்ம கோல்டு மைன்ஸ்ல மட்டும் இன்னா ரூலு? தொழிலாளி புள்ளைக்குத்தான் மொதல்ல வேல. உங்க தாத்தா அங்க வேலைல இருந்தாரு, அதான் நான் கேஜ்ல குழிக்குள்ள எறங்கினேன்."

"வெளியாளுங்க?" என்றாள் அக்கா.

"வேல கெடைக்குமான்னு மைன்ஸ் கேட்டாண்ட நிப்பாங்க. பக்கத்து ஊரு பேத்தமங்களாலருந்து ஒருத்தன் தெனம் சைக்கிள்ல வருவான். என்னவிட கெட்டிக்காரன்."

"அவரு இன்னா ஆனாரு?"

அப்பா போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, "சாப்டியாம்மா?" என்றார்.

சிறு வயதில், ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் அக்காவும் நானும் சாம்பியன் ரீப்ஸ் சுரங்க கேட்டுக்கு ஓடுவோம். அப்பா ஈர மண் வாசனையோடு வருவார். டிபன் பாக்ஸில் எங்களுக்காக ஒரு பன் மிச்சம் வைத்திருப்பார். அக்கா அதைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தருவாள்.

அந்த கேட்டுக்கு வெளியே அப்போது வேறு யாராவது நின்றிருந்தார்களா? படுத்தபடி யோசிக்கிறேன். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.