அன்னை ஞானப்பூவுக்கு ஒரு புதுமை

சேசு மரி சூசை துணை

நாகர்கோவில்
11 பிப்ரவரி 1999

அன்புத் தங்கை அமலிக்கு,

உன் சாமியார் அண்ணன் அடைக்கலத்தின் ஆசீர். நீயும் மாப்பிள்ளை பெனிஷும் மருமகள் ரெபெக்காவும் சுகம்தானே? டெக்சாஸில் குளிர் விட்டிருக்கும். இங்கே தை முடியுமுன்னே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பெரிய செய்தி. ரோமில் உள்ள டாக்டர்கள் ரெபெக்காவின் காகிதங்களை முதல் பார்வை பார்த்து, மேலே விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்! ரத்தப் புற்றுநோய், இனி மருந்து வேலை செய்யாது என்று கைவிரிக்கப்பட்ட நாலு வயதுப் பிள்ளை. நான் அனுப்பிய அன்னை ஞானப்பூவின் திருப்பண்டத்தை, அவர் உடுப்பின் அந்தச் சின்னத் துண்டை, தலையணைக்கடியில் வைத்து நீ நவநாள் சொன்னாய். ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். மூன்று வருஷமாக நோய் எட்டிப் பார்க்கவில்லை. இது அன்னை செய்த புதுமை, அற்புதம் இல்லாமல் வேறென்ன? அன்னை ஏற்கெனவே முத்திப்பேறு பெற்றவர். இன்னும் ஒரே ஒரு புதுமை உறுதியானால் பாப்பரசர் புனிதர் பட்டம் கொடுத்துவிடலாம். இந்தப் பாப்பரசருக்கு அந்த விஷயத்தில் கை தாராளம். ஆனால் அந்தக் கை இப்போது நடுங்குகிறது. டி.வி.யில் பார்த்திருப்பாய். அடுத்து வருகிறவர் எப்படியோ, யார் கண்டது?

புதுமை நடந்தது உங்கள் மறைமாவட்டம் என்பதால் விசாரணையும் அங்கேதான். ஏப்ரல் 22, வியாழக்கிழமை. வேதாகமத்தில் கை வைத்து நீயும் மாப்பிள்ளையும் சாட்சி சொல்ல வேண்டும். யாரிடம் மன்றாடினாய் என்று கேட்பார்கள். அன்னையிடம் மட்டும் என்று சொல். வேறு புனிதர்களும் சேர்ந்திருந்தால், யாரால் நடந்தது என்று எப்படித் தெரியும்? அன்னையின் பட்டத்துக்கான வழக்கு அங்கேயே விழுந்துவிடும்.

மறக்காமல் பிள்ளையின் கடைசி ரத்த அறிக்கையை அனுப்பு.

உன் அன்பு அண்ணன்,
அடைக்கலம்


ரவுண்ட் ராக்
3 மார்ச் 1999

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் நலம். பெனிஷுக்குக் கம்பெனியில் வேலை அதிகம். ரெபெக்கா முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் பொக்கை வாய்க் கிழவி மாதிரி இருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. விசாரணை பற்றிய பாராவை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்னையிடம் மட்டுமா? அண்ணா, நான் யாரிடம்தான் மன்றாடவில்லை? வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளித் தொட்டில் நேர்ந்தேன். உவரி அந்தோனியாருக்கு மொட்டை நேர்ந்தேன். மருந்தில் ஒரு முடிகூட மிஞ்சாத பிள்ளைக்கு மொட்டை நேர்ந்தவள் நான்! கோட்டாற்றுச் சவேரியாரை விட்டேனா? அவரையும் விடவில்லை. வார்டு நர்ஸ் மெக்சிகோக்காரி. குவாதலூப்பே மாதா படத்தைக் கட்டில் கம்பியில் ஒட்டிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுப் பர்வதம் ஆன்டி பழனித் திருநீறு கொண்டுவந்து, "எங்க முருகனும் கூட நிக்கட்டுமே அமலி, ஒருத்தர் அதிகமா வந்தா கொறஞ்சா போயிடும்?" என்று பிள்ளை நெற்றியில் பூசினார். நான் தடுக்கவில்லை. துடைக்கவும் இல்லை.

பிள்ளை சாகக் கிடக்கும்போது ஒரே ஒரு புனிதரிடம் போய் நிற்கிற தாயை நம் ஊரில் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வேதாகமத்தில் கை வைத்துப் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

அறிக்கை இத்துடன் இருக்கிறது.

உங்கள் அன்புத் தங்கை,
அமலி


சேசு மரி சூசை துணை

நாகர்கோவில்
24 மார்ச் 1999

அன்புத் தங்கை அமலிக்கு,

அறிக்கை கிடைத்தது. எண்கள் எல்லாம் அருமை. கடவுளுக்கு நன்றி.

பொய் சொல் என்று நான் எங்கே சொன்னேன்? நேர்ச்சை வேறு, நவநாள் வேறு. நவநாள் யாருக்குச் சொன்னாய்? அன்னைக்கு. அது உண்மைதானே? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து வா. திருநீற்றுக் கதையை யாரும் கேட்கப் போவதில்லை. நீயாக அவிழ்த்துவிடாதே.

இந்த வழக்கை நம் மறைமாவட்ட மேற்றிராணியார் என்னிடம் ஒப்படைத்தபோது எனக்குத் தலை நரைக்கவில்லை. காலராவில் சொந்தக்காரனே தொட மறுத்த பிணங்களைத் தோளில் தூக்கிய பெண் நம் அன்னை. அவர் பிழைக்க வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு ஞாயிறும் கடற்கரையிலிருந்து வந்து, "சாமி, எங்கம்மாவுக்கு எப்ப பட்டம் குடுப்பாவ?" என்று கேட்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? என் தங்கையே கையை விரித்துவிட்டாள் என்று சொல்லட்டுமா?

அடுத்த பரிசோதனை எப்போது? அந்த அறிக்கையையும் அனுப்பு.

அண்ணன்,
அடைக்கலம்


ரவுண்ட் ராக்
15 ஏப்ரல் 1999
(பெனிஷ் ஆபீசிலிருந்து ஃபேக்ஸில்)

அன்புள்ள அண்ணனுக்கு,

தபாலில் போட்டால் நாளாகும். அதனால் இப்படி அனுப்புகிறேன். நேற்று ரெபெக்காவைக் குளிப்பாட்டும்போது தொடையிலும் இடுப்பிலும் நீலநீலமாகக் கன்றியிருப்பதைப் பார்த்தேன். அவளைக் கேட்டால், "நத்திங், மம்மி" என்கிறாள். முதல் தடவை நோய் வந்தபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது. டாக்டருக்கு போன் பண்ணினோம். திங்கட்கிழமை காலையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ரத்தம் எடுப்பார்கள், தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜை எடுக்க முதுகில் ஊசி போடுவார்கள்.

அண்ணா, ஒவ்வொரு கடிதத்திலும் அறிக்கை கேட்டீர்கள். அவள் எந்த வகுப்பு படிக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டதில்லை. அது மனசில் முள்ளாக இருந்தது, எழுதவில்லை. இப்போது அதெல்லாம் பெரிதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

அமலி


நாகர்கோவில்
17 ஏப்ரல் 1999
(ஃபேக்ஸில்)

அமலிக்கு,

பதற்றப்படாதே. பிள்ளைகள் விழுவதும் எழுவதும் சகஜம்.

ஒன்று மட்டும் செய். பரிசோதனையை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வை. வியாழக்கிழமை விசாரணை முடிந்துவிடும். நாலே நாள்தான். பரிசோதிக்காத வரை அவள் குணமானவள்தான். நீ அப்படிச் சொன்னால் அதில் பொய் ஏதுமில்லை. திங்கட்கிழமையே ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் பன்னிரண்டு வருஷ உழைப்பு கடலில் கரைத்த பெருங்காயம். நீலமாக இருந்ததை மறைமாவட்டத்தில் யாரிடமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

அண்ணன்,
அடைக்கலம்


ரவுண்ட் ராக்
28 ஏப்ரல் 1999

அண்ணனுக்கு,

உங்கள் ஃபேக்ஸை மெஷினிலிருந்து எடுத்தது பெனிஷ். வீட்டுக்கு வந்து மேசைமேல் போட்டுவிட்டு, "ஒங்க அண்ணங்கிட்ட நான் இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ பேசணும்னா பேசு, தடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். நான் அதை நாலைந்து முறை வாசித்தேன். எங்காவது பிள்ளைக்காக ஒரு வரி இருக்கும், கண்ணில் படாமல் போயிருக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் மறைமாவட்ட அலுவலகத்துக்கு போன் பண்ணி, நாங்கள் சாட்சிக்கு வரமாட்டோம், பிள்ளையின் காகிதங்களைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்றேன். விசாரணைக்குத் தலைமை வகிக்க இருந்த அமெரிக்கச் சாமியார் காரணம் கேட்டார். மகளுக்கு இன்று ரத்தப் பரிசோதனை என்றேன். பூசையில் சொல்ல அவள் பெயர் வேண்டும், எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள் என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. முடிவு எப்படி வந்தாலும் அது அவளுடையதாக இருக்கட்டும், யாருடைய வழக்குக்கும் சாட்சியாக வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே சொன்னேன்.

ரத்தம் சுத்தமாக இருக்கிறது. முதுகில் ஊசி தேவைப்படவில்லை. எனக்குத் தெரியாமல் தெருக்கோடிப் பிள்ளையின் ஸ்கேட்டிங் ஷூவை மாட்டிக்கொண்டு நாள் பூராவும் விழுந்திருக்கிறாள், கழுதை. திட்டவும் தெரியாமல் கார் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து அழுதேன். பொறுங்கள், இதை வைத்து மறுபடி எழுதாதீர்கள். எழுதினாலும் நாங்கள் வரமாட்டோம்.

அன்னை ஞானப்பூமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அவர் எனக்குப் புனிதர்தான். நீங்கள் எழுதிய சரித்திரத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். காலராவில் கிடந்த எந்தப் பிள்ளையையும் நாலு நாள் பொறு என்று அவர் சொன்னதாக அதில் இல்லை.

இன்னும் ஒன்று. ரத்தம் எடுக்க ஊசி குத்தும் முன்னால் ரெபெக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இஸ் ஃபாதர் மாமா ப்ரேயிங் ஃபார் மீ?" என்று கேட்டாள். உங்கள் ஃபேக்ஸ் அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. ஆமா கண்ணு, மாமா முழங்கால்லதான் நிக்காங்க என்று சொன்னேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அமலி