மேற்குப் பார்த்த கண்ணாடி

மாப்ளே, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போன மாதம் வரைக்கும் நம் செருப்புக்கடைக்குள் நான் குடை பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் போகிறவர்கள் கை காட்டிச் சிரிப்பார்கள். இன்றைக்குப் பழைய பெட்டி ஒன்றைத் திறந்ததும் உருகிய பசை நாற்றம் குப்பென்று அடித்தது. உடனே நீ வந்துவிட்டாய். மற்றவர்களுக்குச் செத்தவர் நினைவு ஊதுபத்தி வாசனையில் வரும். உனக்கு வாய்த்தது இதுதான்.

சிங்கப்பூரிலிருந்து வந்த கையோடு திருமயம் ரோட்டில் நாம் கூட்டாகக் கடை கட்டினோம். மேற்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி என்றாய்.

“சாயங்கால வெயிலு மூஞ்சியிலயே அடிக்குமே மாப்ளே?”

“அதுக்குத்தான்டா ஏ.சி. மூணாங்கிளாஸ் தாண்டாதவனுக்கு ஷோரூம பத்தி என்னா தெரியும்?”

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். அந்தக் கண்ணாடியில் தினமும் தலை சீவிக்கொண்டவனும் நான்தான். ஆனாலும், வெயிலை இலை போட்டுப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் ஏ.சி.யை ஏவி அடித்து விரட்டுகிற அறிவு இருக்கிறதே! ஏ.சி. கதறும். கரண்டு பில் எகிறும். கண்ணாடியோரம் அடுக்கிய ஷூவெல்லாம் பசை விட்டு வாய் பிளக்கும். நம்மிடம் ஷூ வாங்கிய கல்யாண மாப்பிள்ளை ஒருவர், வரவேற்பு மேடையில் ஏறும்போது அடிப்பாகத்தைப் படியிலேயே விட்டுவிட்டுப் போனார். சண்டைக்கு வந்தவர்களிடம் நீ சொன்னாய்: “அவரு நடை சரியில்லைங்க.”

நீ போன பிறகும் ஊர் திருந்தவில்லை. புதுக்கடைகள் எல்லாம் கண்ணாடிதான். வெயில் கூசுகிறதென்று அதன்மேல் கறுப்புத் தாள், தாளுக்குப் பின்னால் திரை, இருட்டாகிவிட்டதென்று பட்டப்பகலில் லைட்டு. த்தூ.

நம் கடைக்கு மத்தியானத்துக்கு மேல் ஆள் வருவதே நின்றுபோனது. உன் வீட்டு உலையும் என் வீட்டு உலையும் இதை நம்பித்தானே கொதிக்கின்றன? புதுக்கோட்டையிலிருந்து ஒரு எஞ்சினியர் பெண்ணைக் கூட்டிவந்து காட்டினேன். “மேற்க ஓட்டை விட்ட செங்கல் செவுரு வைங்க, மொட்டை மாடிக்கு வெள்ளை அடிங்க, வாசலை வடக்க மாத்துங்க,” என்றது. உன் மனைவியிடம் கேட்கத்தான் நடுக்கமாக இருந்தது. நீ ஆசை ஆசையாய் வைத்த கண்ணாடியாயிற்றே.

“எடுத்துருங்கண்ணே. அவரு இருக்கையில சொல்லியிருந்தீங்கன்னா நானே கல்லவிட்டு எறிஞ்சிருப்பேன்,” என்று சிரித்தாள் தங்கச்சி. பிறகு தானாகவே சொன்னாள்: “ஒரு கதவு மட்டும் கண்ணாடியிலயே இருக்கட்டும்ணே. வெயிலு படாத பக்கமா.”

இப்போது சாயங்காலத்திலும் ஃபேன் போதும். ஆளும் வருகிறது. பசை ஒட்டின இடத்தில் ஒட்டியிருக்கிறது. வடக்கு வாசலில் உன் கண்ணாடிக் கதவு நிற்கிறது. வேறு யாரையும் தொடவிடாமல் நானே துடைக்கிறேன்.

நேற்று பளிச்சென்று துடைத்துவிட்டு, டீ குடிக்கலாம் என்று கதவு இருப்பதை மறந்து நடந்தேன். மூக்கு வீங்கியிருக்கிறது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.