எட்டாவது இடம்

என் வசந்தாவுக்கு,

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருக்கும் குடிநோய் சிகிச்சை மையத்திலிருந்து எழுதுகிறேன். வந்து இருபத்தொன்பது நாளாகிறது. நாளை வீட்டுக்குப் போவதாக இருந்தது. உன் புடவை பீரோவுக்குள் ஒரு அரை பாட்டில் பிராந்தியை ஒளித்துவைத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா? இரண்டு நாளாக இதுதான் என்னை அரித்தது.

நான் குடித்தது உனக்குத் தெரியாது என்று இன்னமும் நம்புகிறேனா? சொல்லத் தெரியவில்லை. நீ கேட்டதில்லை. நான் சத்தம் போட்டதில்லை, தெருவில் விழுந்ததில்லை. அதனால் நான் குடிகாரன் இல்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். நீ கண்ணை மூடிய பிறகு, குடிக்கும் நேரம் மாலை ஏழிலிருந்து மதியம் மூன்றானது, பிறகு காலையானது. குளியலறையில் விழுந்து கிடந்தவனை நம் கவிதாதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

இங்கே ஒரு வழக்கம். வீட்டுக்குப் போகும் முன், பாட்டில் ஒளித்துவைத்த இடங்களை எல்லாம் தாளில் எழுதித் தர வேண்டும். அதை வீட்டாருக்கு அனுப்புவார்கள். நாம் போய்ச் சேருவதற்குள் அவர்கள் எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

நேற்று முன்தினம் எழுதினேன். மோட்டார் அறை, வாஷிங் மெஷினுக்குப் பின்புறம், அகராதிகளுக்குப் பின்னால் என்று ஏழு இடங்கள். பிறகு 8 என்று எழுதிப் புள்ளி வைத்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டவனுக்கு, போட்ட எண்ணை அடிக்க மனம் வரவில்லை. அதை வெறுமையாகவே விட்டுவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் ஏழுமலை, கானத்தூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறவர். இங்கே வருவது இது மூன்றாம் முறை. தாளை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சார், எட்டுன்னு போட்டு வுட்டுக்கீற? எட்டாம் நம்பர் வூடு காலியா?"

"கை தவறிடுச்சு ஏழுமலை."

"உன் கையா? பல்லு வெளக்கறதுக்கே டைம் எழுதி வெக்கிற ஆளு சார் நீ." கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "நான் ஐஸ் பெட்டில மீனுக்கு அடியில வெச்சிகினு இருந்தேன். மீனு போட்டுக் குடுக்காது பாரு. போன தபா எல்லா எடமும் சொன்னேன், அத்த மட்டும் சொல்லல. வூட்டுக்குப் போன மூணாம் நாளு கை தானா அங்க போச்சு. அதான் உன் பக்கத்துல வந்து பட்த்துகினு கீறேன்."

மீன் என்றதும் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தாளை அப்படியே ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

உன் பீரோவைக் கவிதா இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. "தெறந்தா அம்மா வாசனை போயிடும்ப்பா" என்றாள். சாவி கதவிலேயே தொங்குகிறது. அவள் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய துக்கத்தைத்தான் நான் பூட்டாக வைத்துக்கொண்டேன், வசந்தா. இதை எப்படி எழுதினால் சரியாக இருக்கும் என்று தெரியவில்லை. எப்படி எழுதினாலும் இதுதான்.

இன்று மதியம் ஆபீஸ் போனில் பத்து நிமிடம் பேச அனுமதி. கவிதா நம் வீட்டில் இருந்தாள்.

"ஏழும் எடுத்தாச்சுப்பா. எட்டுன்னு போட்டு ஒண்ணுமே எழுதலையே, என்ன அது?"

'ஒண்ணுமில்லம்மா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திங்கட்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு அதை எடுத்துக் குடிப்பது என்று நேரம்கூடக் குறித்துவைத்திருந்தேன். தன் முறைக்காக ஏழுமலை வாசலில் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"அம்மா பீரோ," என்றேன். "நடுத்தட்டு. அரக்குப் பட்டுக்கு அடியில."

நடந்து போவது கேட்டது. சாவி திரும்பியது. பிறகு வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை.

"இன்னா சார், கட்டாயிச்சா?" என்றார் ஏழுமலை. இல்லை என்று தலையாட்டினேன்.

"மூடி சரியா மூடலப்பா. ஒழுகியிருக்கு. எல்லாப் புடவையிலயும்... அம்மா வாசனையே இல்ல. இதுதான் அடிக்குது."

அவள் பெயரை மட்டும் சொன்னேன்.

"நாளைக்கு வர வேணாம்ப்பா. என்னால முடியாது. இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இருங்க." வைத்துவிட்டாள்.

"சொல்ட்டியா?"

"சொல்லிட்டேன்."

"திட்டிச்சா?"

"இல்ல."

"திட்டியிருந்தா தேவல சார்," என்றார் ஏழுமலை.

நான் செய்தது சரியா, வசந்தா? சொல்லாமல் இருந்திருந்தால், மூடிய அந்தக் கதவுக்குப் பின்னால் நீ இன்னும் அப்படியே இருப்பதாக அவள் நம்பிக்கொண்டிருப்பாள். சொன்னதால் நான் பிழைத்தேனோ என்னவோ, அவளுக்கு நீ இரண்டாம் முறை போய்விட்டாய்.

எழுதி முடித்ததும் இந்தக் கடிதத்தை இங்கே சுவரில் ஒட்டலாமா என்று மையத்தில் கேட்டார்கள். சரி என்றேன். வரிசையில் அடுத்து உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறவர் படிக்கட்டும்.

இனிக் குடிக்கமாட்டேன் என்று எழுதத் துணிவில்லை. அதை உன் பக்கத்தில் படுத்துக்கொண்டே எத்தனையோ முறை எனக்குள் சொல்லியிருக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். கவிதா வரச் சொல்லும்வரை இங்கே இருப்பேன். அவள் எது கேட்டாலும், 'ஒண்ணுமில்ல' என்று இனி சொல்லமாட்டேன்.

இன்னும் வீடு வந்து சேராத,
உன் வீட்டுக்காரன்