அக்கா பெயரில் இருக்கும் வண்டி

பீளமேடு, கோவை
14.9.1997

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

வேலுமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அம்மா சுகம். கால் வலி மட்டும் வழக்கம்போல இருக்கிறது. அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? குழந்தை பிறக்கும்வரை படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் உங்கள் ஆபீசுக்கு அனுப்பக் காரணம் இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டு, அக்காவிடம் எப்போது சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அந்தப் பாரத்தையும் உங்கள் தலையில்தான் வைக்கிறேன்.

டொராண்டோவில் கார் வாங்கியிருப்பதாகவும், புதிதாகக் குடியேறியவர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் தாங்க முடியவில்லை என்றும் அக்கா எழுதியிருந்தாள். ஊரில் ஸ்கூட்டர் ஓட்டிய வருடங்களில் விபத்து எதுவும் இல்லை என்று இங்கேயுள்ள இன்சூரன்ஸ் ஆபீசில் எழுதி வாங்கி அனுப்பினால் கொஞ்சம் குறைப்பார்களாம். கேட்டுப் போனேன். அங்கிருந்த அம்மாள் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் புறப்பட்ட வருடம் வரைக்கும்தான் எழுதித் தர முடியும், அதற்குப் பிறகு யாரும் புதுப்பிக்கவே இல்லை என்றார். எனக்கு அது தெரியாதா என்ன! புதுப்பிக்கச் சொல்லி அக்கா பெயருக்கு வந்த தபாலை ரேடியோவுக்கு அடியில் செருகி வைத்தவனே நான்தான். அவர் தந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். அக்கா ஓட்டியவரை ஒரு கீறல்கூட யார்மேலும் விழவில்லை. அதைத் தைரியமாக அங்கே காட்டலாம்.

விபத்து நான் ஓட்டியபோது நடந்தது, மச்சான்.

புறப்படுவதற்கு முன் ஸ்கூட்டரை என் பெயருக்கு மாற்றும் படிவங்களில் அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும், ஏர்போர்ட்டில் வைத்து நீங்கள் ஞாபகப்படுத்தியதும் எனக்கு மறக்கவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கடல் தாண்டியா இருக்கிறது? பம்ப் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். சோம்பல்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

சித்திரையில் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கிணத்துக்கடவு அருகில் சாலையைக் கடந்த ஒரு அம்மாள்மேல் வண்டி பட்டுவிட்டது. பாப்பாயி என்று பெயர். தென்னந்தோப்பில் கீற்று முடைகிறவர். விழுந்தவர் தானாகவே எழுந்து நின்று, ஒன்றுமில்லை, போங்கள் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி வந்துவிட்டேன். ஊரும் பேரும் சொல்லவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை.

அந்தக் கை உடைந்திருக்கிறது. ஊரில் யாரிடமோ கட்டுப் போட்டு, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. விரல்களை மடக்க முடியாது, கீற்று முடைய முடியாது. பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் மயில்சாமி வண்டி நம்பரைக் குறித்து வைத்திருந்தார். ஒரு புரோக்கரைப் பிடித்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரையும் விலாசத்தையும் வாங்கிவிட்டார். போலீஸ், கோர்ட்டு என்று அலைய பாப்பாயி அம்மாளுக்கு ஆள் கிடையாது. அதனால் அவர் ஆனைமலைக்குப் போய்விட்டார்.

மாசாணியம்மன் கோயில் வழக்கம் நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அநியாயம் செய்தவர் பெயரைச் சொல்லி, மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால், அந்த எரிச்சல் அவரைச் சும்மா விடாது என்பார்கள். மயில்சாமியின் மனைவி அரைத்துக் கொடுக்க, பாப்பாயி அம்மாள் இடது கையால் பூசியிருக்கிறார். அக்கா பெயரைச் சொல்லி.

போன மாதம் மயில்சாமி விலாசம் தேடிக்கொண்டு இங்கேயே வந்தார். அம்மா அவரை உட்கார வைத்து, செவ்வந்தி தன் மகள்தான், கனடாவில் இருக்கிறாள், இப்போது மாசமாக இருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். அதைக் குடித்து முடித்த பிறகுதான் அந்த மனிதருக்கு விஷயத்தைச் சொல்ல வாய் வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "வண்டியை ஓட்டுனது நீதான?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. அதே வாரத்தில்தான் அக்காவின் கடிதமும் வந்தது.

ஆனைமலையில் மிளகாய் அரைத்தால் கனடாவில் காரம் ஏறுமா என்று வேறொரு நாளாக இருந்தால் நானே கேலி பேசியிருப்பேன். நீங்களும் நம்பமாட்டீர்கள். எனக்கும் நம்பிக்கை இருக்கிறதா என்று தெரியவில்லை. பயம் இருக்கிறது.

மறுநாளே கிணத்துக்கடவுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பாப்பாயி அம்மாள் பதறிப்போனார். "முழுகாம இருக்கற புள்ளைங்களா? எனக்குத் தெரியாதுங்களே சாமி" என்று அழுதார். மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். கேட்டது அவர். அதைவிட ஒரு அறை எனக்கு வேண்டியதில்லை.

அடுத்த நாள் காலையில் அவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆனைமலைக்குப் போனேன். எரிச்சல் தணிய அம்மனுக்கு எண்ணெய்க் காப்புச் செய்து, அக்கா பெயரைச் சொல்லி, தெரியாமல் செய்துவிட்டேன், வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று நெடுநேரம் வேண்டிக்கொண்டார். பிறகு நான் மிளகாய் வாங்கி வந்து, இதை என் பெயரில் அரையுங்கள் என்றேன். அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கையில எங்கீங்க கொழவி புடிக்கறது? நீங்களே அரைங்க, கண்ணு."

அரைத்தேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஓட, என் பெயரைச் சொல்லிக் கல்லில் பூசுவதற்கு நானே அரைத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை.

"இங்கயே வெச்சுட்டு வாங்க. மொதல்ல கை கூடுதான்னு பாக்கலாம். கூடலைன்னா நானே வந்து பூசிக்கறனுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அரைத்ததை அங்கேயே வைத்துவிட்டு அவரோடு பஸ் ஏறினேன்.

கோவையில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினேன். மறுபடி உடைத்துக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார். இன்சூரன்ஸ் கட்டியிருந்தால் கேட்டு வாங்கியிருக்கலாம். இப்போது வண்டியை விற்பதுதான் வழி. மிச்சத்துக்கு என் சம்பளத்தில் கம்பெனி முன்பணம் தருகிறது. ஆனால் வண்டி அக்கா பெயரில் இருக்கிறது. அன்று அவள் போட்டுக் கொடுத்த கையெழுத்துகள் பழையதாகிவிட்டன, செல்லாது என்று ஆபீசில் திருப்பிவிட்டார்கள். புரோக்கர் ஒருவர், எதற்கு அவ்வளவு தூரம் அனுப்புகிறீர்கள், அந்தக் கையெழுத்தை நானே போட்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவள் பெயரை இனி ஒருவர் கையிலும் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

புதுப் படிவங்கள் வைத்திருக்கிறேன். பென்சிலில் குறியிட்ட இடங்களில் கையெழுத்து வாங்கி உடனே அனுப்புங்கள். தன் முதல் சம்பளத்தில் வாங்கிய வண்டி, ஏன் விற்கிறான் என்று கேட்பாள். சும்மா நின்று துருப்பிடிக்கிறது என்று சொல்லிவிடுங்கள். என் பொருட்டு நீங்களும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு, அவள் உடம்பு தேறியதும், இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் உங்கள் சர்ச்சில் அவளுக்காக ஜெபம் செய்யுங்கள். அம்மா இங்கே தினமும் விளக்கு வைக்கிறாள். யார் கேட்டு யார் கொடுத்தாலும் சரி, அக்கா நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வரக் கூடாது.

குழந்தை பிறந்ததும் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்யுங்கள். அம்மாதான் பேசுவாள். நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அக்காவாகக் கேட்டால் மட்டும் என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தங்கள் மைத்துனன்,
வேலுமணி