லெச்சுமிக்குச் சினை நிற்கவில்லை

12.6.79, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. பசு லெச்சுமி மறுபடி காளைக்குக் கத்துகிறது. இந்தத் தடவையும் சினை நிற்கவில்லை. முன்பு ஈன்ற இரண்டு கன்றும் செத்தே விழுந்தன. திரும்பவும் நம் செவலைக் காளையிடமே விடவேண்டுமாம், அத்தை சொல்கிறார்கள்.

"அதுதான் அவளுக்கு முறை மாப்பிள. அத விட்டுட்டு எங்க போவா?" ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் தள்ளி ஏழு வாரம். மகள் ராணிக்குப் பிறகு இரண்டு கலைந்துவிட்டன. அவளுக்கும் மூன்று வயதாகிறது.

வாங்க: மண்ணெண்ணெய், துணிக்குச் சவர்க்காரம், ராணிக்கு இருமல் மருந்து.

14.6, வியாழன்
நுவரெலியாவிலிருந்து மிருக வைத்தியர். சிங்களவர், தமிழ் நன்றாக வருகிறது. பசுவுக்கு நோய் இல்லையாம். காளை எங்கே பிறந்தது என்று கேட்டார்.

அத்தைக்குப் பெருமை. "நான் கட்டிக்கிட்டு வரப்ப டயகமவுல எங்கண்ணன் சீரா குடுத்த மாட்டு வம்சங்க."

"பசு?"

"அதே வம்சந்தான். இவ வரப்ப அண்ணன் குடுத்துச்சு. இவ அப்பாதாங்க எங்கண்ணன்."

வைத்தியர் பையை மூடினார். பிறகு: "பொண்ணு குடுக்கிற வீட்டுக்கே மாட்டையும் குடுக்கிறீங்க. ரத்தம் வெளிய போகவே இல்லை. கன்று தங்காது. அடுத்த தடவை கத்தினா சொல்லி அனுப்புங்க, வேற காளையோட விந்து ஊசி போடுவோம்."

"வெளிக் காளையா? என்ன சாதி, என்ன குடும்பம்னு தெரியாமயா?"

வைத்தியர் சிரித்துவிட்டார். நான் உள்ளே வந்து அரிசி களைந்தேன். என் அம்மாவும் அப்பாவுக்கு மாமன் மகள்தான்.

15.6, வெள்ளி
இவரிடம் பேசினேன். மாட்டுக்கு ஊசி, உடனே சரி. நம்மைப் பற்றிப் பேச்செடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"மாடும் நாமளும் ஒண்ணா? இந்தத் தோட்டத்துல சொந்தத்துல கட்டாதவன் யாரு? ஆறு ஏழுன்னு பெத்து வச்சிருக்கான்."

அதுவும் உண்மை. கல்லூரியில் படித்தது: ஒரே குறை இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்தால்தான் வெளிப்படும். எங்களுக்குச் சேர்ந்திருக்கிறதா? யாரைக் கேட்பது?

ராணிக்கு இருமல் குறையவில்லை.

18.6, திங்கள்
டிஸ்பென்சரி. அத்தையும் கூட வந்தார்கள். மருத்துவச்சி அட்டை எழுதினாள். கலைந்தது எத்தனை? அத்தை முந்திக்கொண்டு, "ஒண்ணு." நான், "ரெண்டு."

"புருசன் சொந்தமா?"

"இல்லம்மா, அவன் அக்கரப்பத்தனை, இவ டயகம." இதற்கும் அத்தையே.

"அத்தை மகன்" என்றேன். "இவங்கதான் அத்தை."

மருத்துவச்சி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். கண்டி ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

வரும் வழியில் அத்தை: "ஊருக்கு முன்னால எம் மகன கொற சொல்லிட்டியே."

"எங்கப்பாவையும் சேத்துத்தான் சொன்னேன் அத்தை."



19.6, செவ்வாய்
காலையில் இரத்தம். கொஞ்சம்தான். படுத்தபடியே எழுதுகிறேன். இவர் வேலைக்குப் போன பிறகு. இவரிடம் சொல்லவில்லை. அத்தை சேலையைப் பார்த்துவிட்டார்கள். ராணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார்கள், திரும்பி வந்தார்கள்.

"கண்டி பஸ்சு எத்தன மணிக்கு?"