அவர் லாரி நிறுத்திய வளைவு

அக்டோபர் 9, வியாழன்

பேத்தி வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாட்டி, இதைப் பாரு. தாத்தா சொல்வாரே, அந்த வளைவு."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பனி. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் பள்ளம். நடுவில் பாதி இடிந்த டீக்கடைச் சுவர். நீலச் சுவர். "பனியில தூரத்துலேர்ந்தே தெரியணும்னு நீலம் அடிச்சு வெச்சிருக்கான்" என்று அவர் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

வடக்கே அந்த மலைக்குள் சுரங்கப்பாதை வந்த பிறகு அந்தப் பழைய சாலையில் லாரி ஓடுவதில்லையாம். நடக்கிறவர்கள் மட்டும் போகிறார்களாம். ஜனவரியில் ஒரு வழிகாட்டிப் பெண் சின்னக் கூட்டமாகச் சேர்த்து மலை ஊர்கள் வழியாக நடத்திக் கூட்டிப் போகிறாள். நான்கு நாள். ஊர்க்காரர்கள் வீட்டில்தான் தங்கல். மூன்றாம் நாள் அந்த வளைவு.

குளிர்காலம் வந்தால் அவர் அங்கேதான் கிடப்பார். வழி அடைத்துக்கொண்டால் எப்போது வருவார் என்று தெரியாது. நான் குடும்பம் நடத்தியது பாதி மனுஷனோடு. மீதிப் பாதி நின்ற இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறு ஆசை எனக்கு ஒன்றும் இல்லை.

இருக்கிறது. ஆனால் அதெல்லாம் சின்ன ஆசை.

அக்டோபர் 10

மகனிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "பனி பாக்கணும்னா ஃப்ரிட்ஜைத் திறந்து பாரும்மா" என்றான்.

இவனுக்காகத்தான் அன்றைக்கு நான் லாரியில் ஏறவில்லை. அந்தக் காய்ச்சல் அவனுக்கு ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது. சொல்லிக்காட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

அக்டோபர் 14

எழுதிவைத்துவிடுகிறேன், யாரும் பிறகு மாற்றிப் பேசக் கூடாது.

அவர் ஓட்டுவார். அவருடைய தம்பி, என் கொழுந்தன், அதே லாரியில் மாற்று டிரைவர். கொழுந்தனும் இப்போது இல்லை. ஒரு குளிர்காலம் சரக்கு குறைவு. முதலாளி, "இந்த ஒரு நடைக்கு வீட்டு ஆள் யாராவது ஒருத்தரை ஏத்திக்கோ" என்று இவரிடம் சொன்னார். பெரியவன் வீட்டு ஆள் யார்? நான். பையில் துணி அடுக்கியாயிற்று. பழுப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கி மடித்து வைத்திருந்தேன், கடைசிவரை கசங்கக் கூடாது என்று. கிளம்புகிற அன்று காலையில் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. "இடம் வீணாகுதே" என்றாள் மாமியார். கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓர்ப்படி சின்னவள் ஏறினாள். என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

திரும்பி வந்தபோது ஸ்வெட்டரில் மேலிருந்து நாலாவது பொத்தான் இல்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் பார்த்த எதைப் பற்றியும் கேட்கவில்லை. "அங்க வந்துக்கா..." என்று அவள் எப்போது ஆரம்பித்தாலும் எனக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். நாற்பது வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு முதலாளி யாரையும் ஏற்றவிடவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

வழிகாட்டிப் பெண் போனில் முகம் காட்டிப் பேசினாள். சின்ன முகம், காற்றடித்துச் சிவந்த கன்னம். நம் ஊர்ப் பக்கம் படித்தவளாம், தமிழ் நன்றாக வருகிறது. பாட்டி பாட்டி என்று மரியாதையாகத்தான் பேசினாள். கடைசியில் குண்டைப் போட்டாள். "அறுபது தாண்டினவங்களை நான் தனியா கூட்டிட்டுப் போறதில்லை. ஜோடி வேணும். உங்க வேகத்துக்கு நடக்கிற ஆளா இருக்கணும். ஒருத்தர் உக்காந்தா இன்னொருத்தர் கூட இருக்கணும்."

பேத்திக்கு அந்த மாதம் விடுப்பு கிடையாது. மருமகளுக்கு மாடிப்படி ஏறினாலே முட்டி பிடித்துக்கொள்கிறது. எதிர் வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரைக் கேட்டேன். "பனியிலயா? எனக்கு ஏசியே ஒத்துக்காது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 3

மாடியில் குடியிருக்கிற சின்னவள் படியில் நின்றபடி சொன்னாள்: "நான் வரேன்க்கா."

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலை. டீச்சர் வரலைன்னு கேள்விப்பட்டேன்."

இந்த வீட்டில் சுவருக்கும் காது, படிக்கும் காது. நான் பதில் சொல்வதற்குள் பேத்தி சொல்லிவிட்டாள். இரண்டு பேர் பெயரையும் போனில் தட்டி அனுப்பிவிட்டு, "பாட்டி, அந்த வளைவு வேணுமா, ரோஷம் வேணுமா?" என்று கேட்டாள்.

இரண்டும் வேண்டும் என்றால் என்ன தப்பு?

நவம்பர் 11

காலையில் பூங்காவைச் சுற்றி நடை. ஒரே வேகத்தில் நடந்து பழக வேண்டுமாம். முதுகுப் பையில் கனம் வைக்கச் சொன்னாள் வழிகாட்டி. நான் அவருடைய பழைய வீல் ஸ்பானரைப் போட்டுக்கொண்டேன். இடுப்பில் இடித்தது. இடிக்கட்டும்.

சின்னவள் வாய் சும்மா இருப்பதில்லை. "அன்னிக்கு அங்க லாரிய விட்டு இறங்கினோமாக்கா..." என்பாள். நான் வேகத்தைக் கூட்டுவேன். அவளும் கூட்டுவாள். நடுவில் குச்சி ஊன்றி நடக்கிற பெரியவர் ஒருவர், "ரெண்டு பேருக்கும் பஸ் ஏதும் போயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

நவம்பர் 23

பூட்ஸ் வாங்கினோம். ஒரே அளவு கால் எங்களுக்கு. இதை நான் இத்தனை வருஷம் கவனித்ததில்லை. தினமும் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தாள். கடைக்காரரும் சொன்னார்.

புதுசை யாராவது சமையலறையில் போட்டு மிதிப்பார்களா? தாளோடு பெட்டியிலேயே வைத்து, பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டேன். அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். அவர் நின்ற இடத்தில் புதுசாய் நிற்க வேண்டும்.

டிசம்பர் 7

தலைக்கு மேல் டொக் டொக் என்று ஒரே சத்தம். சின்னவள் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறாள், துணி காயப் போடுகிறாள், டிவி பார்க்கிறாள். "மேல என்ன குதிரை கட்டியிருக்கியா?" என்று படியில் நின்று கேட்டேன். "பழக்குறேன்க்கா" என்று குரல் வந்தது.

அதற்குள் முன்பக்கமெல்லாம் சுருக்கம் விழுந்து, பழைய பூட்ஸ் மாதிரி ஆகிவிட்டது. எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது. நாலாவது பொத்தான்.

டிசம்பர் 20

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "போய்ட்டு வாங்கம்மா" என்றார். மகன் பக்கத்திலேயே நின்றான். டாக்டர் வேண்டாம் என்று சொல்வார் என நம்பித்தான் கூட வந்திருக்கிறான், முகம் தொங்கிப்போய்விட்டது. வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில், "தெர்மல் பேன்ட் வாங்கிட்டியா?" என்று கேட்டான். அவ்வளவுதான். அவன் அப்பாவும் இப்படித்தான்.

ஜனவரி 13

ஒருநாள்கூடக் கனவில் வராத மனிதர், நேற்று ராத்திரிக் கனவில் லாரி ஹாரன் மட்டும் அடித்தார்.

ஜனவரி 16, வெள்ளி — முதல் ஊர்

ரயில், வேன், பிறகு நடை. பனியைத் தொட்டேன். ஊர் முழுக்க மாவு கொட்டினது போல இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. காலுக்கடியில் உப்பு மாதிரி நொறுங்குகிறது. அவர் இதைச் சொல்லவேயில்லை. எல்லாம் சொன்னவர் இந்தச் சத்தத்தைச் சொல்லவில்லை.

பெட்டியிலிருந்து பூட்ஸை எடுத்தபோது இன்னும் கடை வாசனை போகவில்லை. பெருமையாக இருந்தது.

ஜனவரி 17

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு குதிகாலும் தோல் உரிந்து போயிற்று. மதியமே தெரிந்தது, சொல்லவில்லை. சாயங்காலம் தங்கும் வீட்டில் காலுறையை உருவியபோது கூடவே தோலும் வந்தது. வழிகாட்டிப் பெண் என் பூட்ஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது.

"பாட்டி, இதை வீட்ல ஒரு நாள்கூடப் போடலையா?"

நான் காலுறையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சின்னவள் சொல்லலாம். தலைக்கு மேல் நடந்த சத்தத்துக்கு நான் பேசின பேச்சுக்கு, இப்போது நன்றாகச் சொல்லலாம். அவள் வெந்நீர் வாங்கிக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்து, "மருந்து எரியும், என் தோளைப் பிடிச்சுக்கோக்கா" என்றாள்.

நாளைக்குத்தான் வளைவு. இந்தப் பூட்ஸோடு ஏறவிட மாட்டேன் என்று வழிகாட்டி சொல்லிவிட்டாள். நியாயம்தான். இங்கிருந்து ஒரு மேடுதான், அதற்கு மேல் அந்தச் சாலை. ஜன்னலிலிருந்து மேடு தெரிகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் வந்து.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் எல்லோரும் கிளம்ப, நான் சுவரோரம் போர்வையோடு உட்கார்ந்திருந்தேன். சின்னவள் வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். தரையில் உட்கார்ந்து தன் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள்.

"போட்டுக்கோக்கா. துணி மாதிரி ஆயிடுச்சு, உள்ள பஞ்சு வெச்சா கடிக்காது."

"உனக்கு?"

"நான்தான் பார்த்தாச்சுல்ல."

அதை அவள் என் முகத்துக்கு நேரே சொன்னது இதுதான் முதல் தடவை. முன்பு சொல்லியிருந்தால் வீடே இரண்டாகியிருக்கும். இன்றைக்கு நான் காலை நீட்டினேன். அவளே போட்டுவிட்டாள். கயிற்றை இழுத்து, "இறுக்கமா? தளர்த்தவா?" என்று கேட்டாள். சமையலறையிலும் மொட்டை மாடியிலும் நடந்து நடந்து அவள் பழக்கின பூட்ஸ், என் காலுக்கே தைத்தது போல இருந்தது.

"ஜோடி இல்லாம விடமாட்டேனே" என்றாள் வழிகாட்டி. பிறகு அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, இன்னைக்கு நான்தான் உங்க ஜோடி."

மெதுவாகத்தான் ஏறினேன். மற்றவர்கள் நின்று நின்று காத்திருந்தார்கள். மேடு முடிந்ததும் சாலை. சக்கரத் தடம் ஒன்றுகூட இல்லாத சாலை. வளைவில் திரும்பினோம். நீலச் சுவர்.

என் தோள் உயரம்தான். அவர் சொல்லிச் சொல்லி நான் அதை ஒரு கோட்டை அளவுக்கு நினைத்திருந்தேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார். கீழே பள்ளத்தில் ஊர்கள் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தன. அதைக் கூட்டிச் சொல்லவில்லை.

சுவரில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை வைத்தேன். அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. அவர் இங்கே நின்று என்ன நினைத்திருப்பார், எங்களை நினைத்திருப்பாரா என்று இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நின்றதும் எனக்குத் தோன்றியது வேறு. இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். அந்தச் சுவரை, அந்த நீலத்தை, அவர் குரலைத் தெரிந்த ஆளிடம் சொல்ல வேண்டும். அப்படி உலகத்தில் ஓர் ஆள்தான் மிச்சம். அவள் கீழே காலுறையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

இறங்கி வந்தபோது அவள் அந்த வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். கண் முழுக்க வெங்காயத் தண்ணீர்.

"பார்த்தியாக்கா? சுவர் இருக்கா? சொல்லேன்."

சொல்ல வாயைத் திறந்தேன். அவள் ஆரம்பித்ததை நான் ஒரு தடவைகூட முடிக்க விட்டதில்லை. கயிற்றை அவிழ்த்து, பூட்ஸை அவள் பக்கத்தில் ஜோடியாக வைத்தேன்.

"நான் அப்புறம் சொல்றேன். நீ முதல்ல சொல்லு. அன்னிக்கு இங்க வந்தப்ப என்ன பார்த்த?"

கேலி செய்கிறேனோ என்று என் முகத்தையே பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். "பொத்தான்லேர்ந்து ஆரம்பிக்கவாக்கா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரம்மாவிடம் அடுப்பைக் காட்டி இன்னொரு விறகு போடச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.